பின்சீட்டுக்கு அடியில் ஒரு முனகல்

என் வீட்டுக்காரரை எல்லோரும் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறை வாசலில் அவர் பெயர் போட்ட போர்டு ஒன்று தொங்குகிறது, அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கார் வயரிங் வேலை பார்க்கிறவர். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றாலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் என்று பேச்சு. அதில் பாதி ஊதிப் பெரிதாக்கியது, பாதி உண்மை. அவரைப் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை, ஆனால் அந்தப் பாதி உண்மையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்தான்.

பம்பு சோதிப்பதற்கு எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. பம்பு என்றதும் பெட்ரோல் பங்க் ஞாபகம் வர வேண்டாம். காரின் டேங்குக்குள்ளேயே ஒரு சின்ன மோட்டார் முழுகிக் கிடக்கிறது, பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுவது அதுதான். நான் முன்சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவேன், வண்டியைக் கிளப்ப மாட்டேன். அவர் பின்சீட்டைக் கழற்றி, டேங்க் மூடியில் காதை வைத்துப் படுத்திருப்பார். சாவி திரும்பியதும் முன்னால் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச் 'டிக்' என்று ஒட்டும். பேட்டரியின் கரன்ட் ஃபியூஸைத் தாண்டி, ரிலேவைத் தாண்டி, வண்டியின் நீளத்துக்கும் ஓடிப் பம்புக்குப் போகும். அது இரண்டே நொடி 'ம்ம்ம்' என்று பாடிவிட்டு நின்றுவிடும். இன்ஜின் சுற்றாதபோது பெட்ரோல் தள்ளக் கூடாது என்று அதற்கு உத்தரவு. சத்தம் கேட்டால் அவர் ஒரு விரலைத் தூக்குவார், நான் கண்ணாடியில் பார்ப்பேன். விரல் எழவில்லையென்றால் ஒன்று கரன்ட் வரவில்லை, இல்லை பம்பு செத்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். கல்யாணமான புதிதில் அந்த விரலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நர்சம்மாவின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். படுக்கையில் கிடப்பவர்களின் வீடு வீடாகப் போய் ஊசி போட்டுக் கட்டு மாற்றுகிறவர் அவர். காலையில் வண்டி நன்றாகக் கிளம்புகிறதாம். அரைமணி ஓடிச் சூடானதும் நடுரோட்டில் நின்றுவிடுகிறதாம். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடியும் ஓடுகிறதாம்.

வண்டி சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும் என்று உடனே சீட்டைக் கழற்றினார். நான் சாவியைத் திருப்பினேன். பின்னால் ஒரு சத்தம் வந்தது. வழக்கமான பாட்டு இல்லை, தூக்கத்தில் யாரோ முனகுவது போலத் தணிந்த சத்தம். ஆனால் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். விரல் எழவில்லை.

"சத்தமே இல்ல," என்றார். பிளக்கைக் கழற்றி, என்னை மறுபடியும் சாவியைத் திருப்பச் சொல்லி, அதில் மீட்டரை வைத்தார். "பாரு, பன்னெண்டு வோல்ட் முழுசா வருது. வயரு நல்லாருக்கு. பம்புதான் போயிருச்சு. சூடானா நின்னுடுது."

முனகலை நான் கேட்டேனே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் காதுக்கு எட்டாததா என் காதுக்கு எட்டிவிடும்? வேறு ஏதோ சத்தம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதுப் பம்பு மாட்டினோம். வண்டி போனது.

நேற்று அதே கயிறு, அதே வண்டி. கூடவே நர்சம்மா.

"அண்ணா, நான் போற வீட்டுல எல்லாம் மணியப் பாத்துட்டே இருப்பாங்க," என்றார். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "இன்னைக்கு ஒருத்தருக்கு வலிக்கு ஊசி. பாதி வழியில வண்டிய விட்டுட்டு ஓடினேன். நான் போறதுக்குள்ள அவர் அழுதுட்டாரு. மறுபடியும் இப்படி ஆச்சுன்னா நான் வேற இடம் பாக்கணும், தப்பா நெனைக்காதீங்க."

மறுநாள் மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கினார். அது நின்றதும் நான் சாவியைத் திருப்பினேன். அதே முனகல். இந்தத் தடவை நன்றாகவே கேட்டது. விரல் எழவில்லை.

"புதுசும் போச்சா! என்ன பம்பு செய்யறானுங்க," என்று எழுந்தார். பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தார். பன்னிரண்டு. "நாளைக்குக் காலைல கடைக்கு ஒரு ஃபோன் போடு. இன்னொண்ணு அனுப்பச் சொல்லு."

ஃபோன் போடச் சொன்னதும்தான் எனக்குப் பொறி தட்டியது. இவர் ஃபோனில் பேசியே எத்தனை மாதம் ஆகிறது! எடுத்தால் என்னிடம் நீட்டிவிடுவார். யாராவது பேச வந்தால் எதிரில் கொண்டுவந்து நிறுத்தி, அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டில் நான் அடுப்படியிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கூப்பிடுவேன், திரும்பிப் பார்க்க மாட்டார். வயதாக ஆகத் திமிர் ஏறுகிறது என்று எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனேன். அந்தச் சத்தமாவது கேட்டிருக்கும்.

இன்று காலை அவர் டீ குடிக்கப் போனதும் வேலைமேசைக்கு அடியில் குனிந்தேன். சமீபத்தில் கழற்றிப் போட்ட மூன்று பம்புகள் அங்கே கிடந்தன. ஒன்று நர்சம்மாவுடையது, மற்ற இரண்டும் வேறு இரண்டு வண்டியுடையவை. அந்த இரண்டு வண்டியும் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. மூன்றையும் வாசலுக்கு, காற்றோட்டமான இடத்துக்கு எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பேட்டரியில் ஒரே ஒரு நொடி தொட்டேன்.

முதலாவது பாடியது. இரண்டாவது பாடியது. மூன்றாவதும் பாடியது.

பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்தான், எனக்குக் கோபம் வருவதற்கு உப்புக் குறைந்தாலே போதும். அழுகை வந்தது. காதுக்காரருக்குக் காது கேட்கவில்லை என்று வெளியே தெரிந்தால் பட்டறைக்குள் யார் காலடி வைப்பார்கள்? தெரியாமலே போனால் இன்னும் எத்தனை நல்ல பம்புகள் இந்த மேசைக்கு அடியில் வந்து சேரும்? நர்சம்மாவுக்காகக் காத்திருக்கும் அந்த மனிதர் இன்னும் எத்தனை நாள் அழ வேண்டும்?

அவர் திரும்பி வந்து என்னைப் பார்த்தார், என் காலடியில் இருந்த பம்புகளைப் பார்த்தார். நர்சம்மாவின் பழைய பம்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, வயரைப் பேட்டரியில் தொட்டேன். அது அதிர்ந்தது. அவர் கை அதைப் புரிந்துகொண்டது.

"ஓடுது," என்றார்.

"ஓடுது. மூணும் ஓடுது."

பம்பைக் காதருகே கொண்டுபோனார், பிறகு கீழே வைத்தார்.

"எப்பலேர்ந்துங்க?" என்று அவர் எதிரில் போய்க் கேட்டேன்.

"ஒரு வருஷம் இருக்கும். சன்னமான சத்தம்தான் போச்சு. நீ கத்தறதெல்லாம் நல்லாவே கேக்குது."

"இந்த நக்கலுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"காதுக்காரன்னு கூப்பிடறாங்க. காது போச்சுன்னு நான் எந்த வாயால சொல்றது?" கையைத் துடைத்துக்கொண்டார். "மீட்டர் இருக்கே, அத வெச்சு ஓட்டிடலாம்னு பாத்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடத்தில் பட்டறை வாசலில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. எதிர்க்கடைக்காரர் பார்த்தார், பார்க்கட்டும்.

"வாங்க. நீங்க சாவியத் திருப்புங்க. நான் கேக்கறேன்."

வண்டியை மறுபடியும் சூடாக்கி நிற்கவிட்டோம். அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் படுத்து, டேங்க் மூடியில் காதை வைத்தேன். பெட்ரோல் நாற்றம் தலையைச் சுற்றியது. ரிலே ஒட்டியது, முனகல் வந்தது. விரலைத் தூக்கினேன்.

கண்ணாடியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு?"

"பாடல. முனகுது."

"முனகுதா?" சட்டென்று திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "அப்ப கரன்ட் வருது, ஆனா பத்தல. ஐயோ, என்ன மடத்தனம் பண்ணிட்டேன்! பிளக்கக் கழட்டிட்டுல்ல அளந்தேன்!"

எனக்குப் புரியும்படி சொன்னார். பிளக்கைக் கழற்றிவிட்டால் வயருக்குச் சுமையே இல்லை. வழியில் எங்கே துரு இருந்தாலும் மீட்டருக்குப் பன்னிரண்டைக் காட்டிவிடும். பம்பு இழுக்கும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும். சும்மா இருக்கிறவனைக் கூப்பிட்டு நலமா என்று கேட்டால் நலம் என்றுதானே சொல்வான் என்றார். முன்பெல்லாம் காது அந்த முனகலைப் பிடித்துவிடும், அதனால் மீட்டரை அவர் பெரிதாக மதித்ததேயில்லை. காது போன பிறகு மீட்டரே கதி என்று ஆகி, அதையும் அரைகுறையாக நம்பியிருக்கிறார்.

ரிலேவைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு துண்டு வயரைச் செருகினார். பம்பு நிற்காமல் ஓடியது. பிளக் மாட்டியிருக்கும்போதே அதன் முதுகில் மீட்டர் ஊசியைக் குத்தினார். எட்டு வோல்ட். பம்பிலிருந்து கரன்ட் திரும்பி வரும் எர்த் வயருக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில் வைத்தார். அங்கே ஒன்றுமே காட்டக் கூடாது, நான்கு காட்டியது. மீதி நான்கு வோல்ட்டும் திரும்புகிற வழியிலேயே செத்துக்கொண்டிருந்தது.

கம்பளத்தைக் கிழிக்காத குறையாக உரித்தார். சீட்டுக்குக் கீழே, எர்த் வயரை வண்டியின் உடம்போடு முடுக்கும் ஸ்குரு இருந்தது. துரு வராமல் இருக்க யாரோ அங்கே பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்டுக்கு மேலேயே ஸ்குருவை முடுக்கியிருக்கிறார்கள். சூடு ஏற ஏற அந்தக் கொஞ்ச ஒட்டுதலும் விட்டுப்போயிருக்கிறது. தகரம் பளபளக்கும் வரை சுரண்டி, ஸ்குருவை இறுக்கினார்.

நான் காதை வைத்தேன். முனகல் போய்விட்டது. "பாடுதுங்க!" என்று கத்தினேன். அது அவருக்குக் கேட்டது.

ஒரு மணிநேரம் வெயிலில் வண்டியைச் சுற்றவிட்டோம். நிற்கவில்லை. வண்டியில் இருந்த புதுப் பம்பைக் கழற்றிவிட்டு நர்சம்மாவின் பழைய பம்பையே திரும்ப மாட்டினார். எனக்கு வேண்டாத வேலையாகத் தோன்றியது, அவர் கேட்கவில்லை.

மத்தியானம் நர்சம்மா வந்தார். வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காதுக்காரர்னா காதுக்காரர்தான். என்னண்ணா கேட்டுச்சு?"

நான் குறுக்கே புகுந்து ஏதாவது சொல்லி மழுப்பப் பார்த்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. சன்னமான சத்தம் எனக்குக் கேக்கறதில்ல, ஒரு வருஷமாவே. அதனாலதான் உங்க நல்ல பம்ப எடுத்துட்டு வேற மாட்டினேன். உங்கள அலைய விட்டது நான்தான். உங்க பம்பயே திருப்பி மாட்டியிருக்கேன். இன்னைக்குக் கேட்டது இவங்க காது."

நர்சம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு சாவியை ஆஃப் செய்துவிட்டு இறங்கி, அவருக்கு நேர் எதிரில் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து நிதானமாகப் பேசினார். "அடுத்த மாசம் பிரேக் லைட் பாக்கணும்ணா. இங்கதான் வருவேன். காதுக்கு எங்க போய்ப் பாக்கணும்னு அக்காகிட்ட எழுதிக் குடுக்கறேன். போகலேன்னா வண்டிய எடுத்துட்டு வந்து இழுத்துட்டுப் போவேன்."

அவர் போனதும் இவர் மற்ற இரண்டு பம்புகளையும் துடைத்து மேசைமேல் வைத்தார். அந்த இரண்டு வண்டிக்காரர்களுக்கும் ஃபோன் போடச் சொன்னார். பேசப் போவது அவர்தானாம், ஸ்பீக்கரில் போட்டு நான் பக்கத்தில் நின்றால் போதுமாம்.

நான் நம்பரைத் தேடும்போது, "அது எப்படிப் பாடிச்சு? செஞ்சு காட்டு," என்றார்.

"பைத்தியமா உங்களுக்கு? தெருவே பாக்குது."

"காட்டேன்."

அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து 'ம்ம்ம்' என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றார். "நல்ல பம்பு இதவிடக் கொஞ்சம் மேல பாடும்."

நான் கொஞ்சம் மேலே ஏற்றினேன். அவர் விரலைத் தூக்கினார்.