இடது ஓரத்து உப்பு

அசோகன் பலகையால் வாரி முடித்த உப்பளப் பாத்தியின் இடது ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு உப்பு அப்படியே தண்ணீருக்கடியில் கிடந்தது. கொளஞ்சியம்மாள் உப்பு சுமக்கும் பேசினை வரப்பில் வைத்துவிட்டுக் காலை உள்ளே விட்டாள். பாதத்தாலேயே ஒதுக்கிக் குவியலோடு சேர்த்துவிட்டால் மேஸ்திரிக்குத் தெரியாது. இரண்டு முறை தள்ளிய பிறகுதான், இதை முன்பு யாருக்காகச் செய்தோம் என்பது நினைவுக்கு வந்தது. காலை வெளியே எடுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் அந்தோணிசாமி மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் பலகை பிடித்தவர். கடைசி வருஷம் இடது ஓரத்தை வாராமல் விட ஆரம்பித்தார். வெள்ளை உப்பில் வெயில் தெறிக்கிற இடத்தில் எல்லோருக்கும்தான் பார்வை மங்குகிறது. அதனால் அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் விட்டதையெல்லாம் எட்டு மாதம் பின்னாலேயே நடந்து காலால் தள்ளி மறைத்தாள். உதவி என்றுதான் நினைத்திருந்தாள். ஒருநாள் காலை வரப்பிலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரி வாசலை அவர் உயிரோடு பார்க்கவில்லை.

"ஏம்பா அசோகா, அப்படியே நில்லு."

"என்னாக்கா, டீ வாங்கித் தரப்போறியா?"

அவள் அவனுக்கு இடது பக்கம் இரண்டடி தள்ளிப் போய்ச் சோற்றுத் தூக்கை உயர்த்திப் பிடித்தாள். "கழுத்தத் திருப்பாம சொல்லு. கையில என்னா வெச்சிருக்கேன்?"

"மொதல்ல நீ எங்க நிக்கிறன்னு சொல்லு" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு திரும்பினான். தூக்கு அவன் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"வெயிலுக்கா. கண்ணு கேம்ப்ல எல்லா எழுத்தையும் படிச்சிட்டேன். கண்ணு நல்லா இருக்குதுன்னுட்டாங்க."

"அங்க ஒரு முழம் உப்பு கெடக்குதே, அதப் படிச்சியா?"

அவன் முகம் சுருங்கியது. "மேஸ்திரிகிட்ட சொல்லிடாதக்கா. வேலைய விட்டு நிறுத்திடுவாரு."

"நாளைக்கி நீ என்கூட பாண்டிக்கி வரலன்னா சொல்லத்தான் போறேன்."

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு குழிந்த கருவிக்குள் பார்க்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இடது பாதியில் வந்த புள்ளிகளுக்கு அவன் விரல் அசையவே இல்லை. பிறகு ஸ்கேன். டாக்டர் கீதாஞ்சலி படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பின்மண்டையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளுத்துத் தெரிந்ததைக் காட்டினார்.

"மெனிஞ்சியோமான்னு சொல்லுவோம். மூளைய மூடியிருக்கிற உறையிலேர்ந்து வளர்ற கட்டி. பெரும்பாலும் புற்றுநோயா இருக்காது. எடுத்துட்டு டெஸ்ட் பண்ணித்தான் உறுதியா சொல்லணும். பார்வ கொஞ்சம் கொஞ்சமா திரும்பலாம். எவ்ளோன்னு இப்ப சொல்ல முடியாது."

அதன் பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். இந்தக் கட்டி உள்ளவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள், பார்வை எத்தனை பேருக்குத் திரும்புகிறது என்று ஐந்து வருஷ ஆராய்ச்சி நடக்கிறதாம்.

"எங்கள வெச்சி டெஸ்ட் பண்றீங்களா மேடம்?" என்று கேட்டான் அசோகன்.

"இல்லீங்க. கையெழுத்து போட்டாலும் போடலன்னாலும் வைத்தியம் ஒண்ணுதான். எப்போலேர்ந்து இப்படி?"

"ஒரு மாசமா."

"பொய் சொல்றான்மா" என்றாள் கொளஞ்சியம்மாள். "சித்திரையில ரெண்டு வெரல் விட்டான். ஆடியில ஒரு ஜாண். இப்ப முழம்."

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?"

எட்டு மாதக் கதையை அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கேட்டாள்: "அவருக்கும் இதுதானாம்மா?"

"ஸ்கேன் இல்லாம என்னால சொல்ல முடியாதும்மா. இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

ஆறுதலுக்காகப் பொய் சொல்லாத அந்த டாக்டரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. டாக்டர் படிவத்தின் ஓரத்தில் ஏதோ எழுதிவிட்டுப் படித்துக் காட்டினார்: "வேலை செய்யும்போது ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போகிறதா? கூட வேலை செய்கிறவரிடம் கேட்கவும்." இனி வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்கப்போவதாகச் சொன்னார். அசோகன் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டான்.

புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. மழை வந்து அளத்தை மூழ்கடித்து வடிந்தது. மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி இல்லை. டாக்டர் சம்மதித்த பிறகு, மாசியில் முதல் உப்பு வாரும் அன்று அசோகன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினான். மேஸ்திரி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் அசோகனே சொல்லியிருந்தான்.

கொளஞ்சியம்மாள் பேசினோடு பின்னால் நடந்தாள். இடது ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. அவள் கால் அசையவில்லை.

"இருக்குதாக்கா?"

"இருக்குது."

"எவ்ளோ?"

குனிந்து தண்ணீருக்குள் கையை வைத்துப் பார்த்தாள். "நாலு வெரல்."

அவன் கழுத்தை இடது பக்கம் நன்றாகத் திருப்பினான். கண்ணைச் சுருக்கித் தேடினான். பலகை தயங்கித் தயங்கி வந்து அவள் விரல் நுனியில் இடித்து நின்றது. அவள் கையை எடுத்தாள். அந்த இடத்து உப்பு புரண்டு பலகையோடு நகர, கலங்கிய தண்ணீர் அங்கே மெல்லத் தெளியத் தொடங்கியது.