ஆறு கோடும் ஒரு சக்களத்தியும்

தையல்காரி தன் மெக்கானிக் புருஷனின் கிதாருக்கு வைத்த பெயர் சக்களத்தி. பின்னே என்ன? பட்டறையிலிருந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸைக் கழுவியதும் மனுஷன் முதலில் தேடுவது அவளையா? மூலையில் சாய்ந்திருக்கும் அந்த மரப்பெட்டியைத்தானே! கட்டிலில் உட்கார்ந்து தினமும் ஒரே மெட்டை வாசிப்பார். அவரே கட்டியது, அதற்குப் பேர்கூடக் கிடையாது. இவள் மெஷினைக் கடகடவென்று மிதித்தபடியே, "ஆச்சா உங்க கச்சேரி?" என்பாள். இருபது வருஷமாக இதே கூத்துதான்.

மெக்கானிக்கின் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மூட்டுத் தேய்ந்துபோயின. ஆபரேஷன் செய்து மூட்டுக்குள் கம்பி வைத்து இறுக்கிவிட்டால் வலி போய்விடும், ஆனால் விரல் மடங்காது என்றார் டாக்டர். "ஸ்பானர் பிடிக்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டார் மெக்கானிக். கிதாரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதையே தையல்காரி வீடு வரும்வரை நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷனுக்கு ஆறு நாள் இருந்தது. வேறு ஊரில் கிதார் சொல்லிக்கொடுக்கும் நாத்தனாருக்குப் போன் போட்டு, அந்த மெட்டைப் பதிந்து வைத்தால் போதுமா என்று கேட்டாள்.

"பதிஞ்சு வச்சா கேட்கத்தான் முடியும் அண்ணி. விரல் எங்கெங்க போகுதுன்னு தெரியணும்னா எழுதி வைக்கணும். அதுக்குப் பேரு டேப்லேச்சர். ஆறு கம்பிக்கு ஆறு கோடு போடுங்க. கிதார் கழுத்துல கட்டம் கட்டமா இருக்குல்ல? எத்தனாவது கட்டத்துல அழுத்துறாரோ அந்த நம்பரை அந்தக் கம்பியோட கோட்டுல எழுதுங்க. அழுத்தாம சும்மா மீட்டினா சைபர்."

"இவ்வளவுதானா? நான் என்னமோ பெரிய வித்தைன்னு பயந்துட்டேன்."

"எது எவ்வளவு நேரம் நிக்கணும்கிறது மட்டும் அதுல தெளிவா வராது."

அதற்குத் தையல்காரியிடம் வழி இருந்தது. துணிக்கு அளவு வரையும் பழுப்புத் தாளை விரித்து ஆறு கோடு இழுத்தாள். அவர் கால் ஒரு தட்டு தட்டினால் ஒரு இன்ச். இரண்டு தட்டு நின்றால் இரண்டு இன்ச் தள்ளி அடுத்த எண். தாள் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் நீண்டது.

"இதை யாரு வாசிக்கப் போறா? உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் மெக்கானிக்.

"நீங்க மெதுவா வாசிங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

வலியோடு வாசித்தார், பாவம். நடுவில் ஓரிடத்தில் மோதிர விரல் எட்டவேயில்லை. ஐந்தாம் கட்டத்தில் இருந்த ஆள்காட்டி விரலை வைத்தே ஒப்பேற்றிவிட்டு மேலே போனார். தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து, கட்டும் பிரித்த பிறகு நாத்தனார் வந்தாள். தாளைத் தரையில் விரித்து வாசிக்கத் தொடங்கியவள் நான்கு அடி நீளம் போவதற்குள் நிறுத்திவிட்டாள்.

"என்ன அண்ணி இது? தகர டப்பாவை மாடிப்படியில உருட்டிவிட்ட மாதிரி இருக்கு!"

மெக்கானிக் எழுந்தார். "விடும்மா. நான் கட்டின லட்சணம் அவ்வளவுதான் போல" என்று சட்டையைத் தேடினார். தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு நாள் உயிரைக் கொடுத்து எழுதியது! இனி அவர் வாசித்துக் காட்டவும் வழியில்லை.

"மேல் கோட்டை எந்தக் கம்பின்னு வாசிச்சே?" என்று நாத்தனாரைப் பிடித்தாள்.

"மெல்லிசுக் கம்பி. எல்லாரும் அப்படித்தானே எழுதுவாங்க?"

"அதெப்படி? அவர் மடியில வச்சிருக்கறப்ப தடிச்ச கம்பிதானே மேல இருக்கு! நான் காலரைக் கொண்டுபோய்க் கீழேயா தைப்பேன்?"

நாத்தனார் தலையில் கைவைத்துச் சிரித்தாள். "மொத்தமும் தலைகீழ்! முதல்லயே சொல்லாதது என் தப்புதான் அண்ணி." மாற்றி வாசித்துப் பார்த்தாள். வழக்கமான முறைக்கே பழகிய கண்ணாயிற்றே, கொஞ்சம் போனதுமே பழையபடி தடுமாறியது. "ம்ஹூம். நான் வேணா ஊருக்குப் போய் மாத்தி எழுதிப் பழகிட்டு வரேன். இப்போதைக்கு எழுதினவங்களே படிச்சாத்தான் உண்டு."

தையல்காரி கணவனின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கிதாரை அவர் மடியில் வைத்துவிட்டு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள்.

"வலது கை நல்லாத்தானே இருக்கு? நீங்க மீட்டுங்க. நான் அழுத்தறேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"ஆமா. மீட்டுங்க."

முதல் சுரம் கரகரத்தது. "இன்னும் அழுத்து" என்றார். அழுத்தினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்தான், இருந்தும் கம்பி அறுத்தது. ஆனால் மெட்டு வந்தது. நொண்டி நொண்டி வந்தாலும் அதே மெட்டு! மெக்கானிக்கின் கால் தானாகவே தட்ட ஆரம்பித்தது.

"ஏங்க, ஓடாதீங்க. இங்க ரெண்டு இன்ச்."

"என் பாட்டுக்கு நீ அளவு சொல்றியா?"

அன்று மோதிர விரல் எட்டாத அந்த இடம் வந்தது. தையல்காரியின் விரல் ஏழாம் கட்டத்தில் போய் நின்றது. மெக்கானிக் மீட்டினார், உடனே கையை எடுத்துவிட்டார்.

"அன்னிக்கு நான் இங்க அஞ்சுலதானே வச்சேன்?"

"வச்சீங்க. விரல் எட்டலை, அதனால. அது ஏழுதான். நீங்க குளிக்கப் போனப்ப ஒவ்வொரு கட்டமா அழுத்திப் பார்த்துத்தான் எழுதினேன்."

"ஏழுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமா தினமும் வாசிச்சுட்டு எப்படித் தெரியும்னு கேட்கறீங்களே! மெஷின் மிதிச்சா காது செவிடாயிடுமா?"

மெக்கானிக் அவளையே பார்த்தார். "நீ ஒரு நாள்கூடக் கேட்டதில்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

தையல்காரி விரலை ஏழிலிருந்து எடுக்கவில்லை.

"சீக்கிரம் மீட்டுங்க" என்றாள். "விரல் வலிக்குது."