எஞ்சின் ஆறும்வரை

சரிவில் பாதி ஏறியபோது முன்சக்கரம் கல்லில் மோதி பைக் சாய்ந்தது. எஞ்சின் நின்றுபோனது. அவள் நிமிர்த்திக் கிக்கரை உதைத்தாள். கிளம்பவில்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கி உதைத்தாள். கிக்கர் ஒருமுறை எதிர்த்து அடித்ததில் முழங்கால்வரை சுளீரென்றது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டு மேலே போனார்கள். கடைசி ஆளும் போனபிறகு ஹெல்மெட்டைக் கழற்றி வீசினாள்.

வாரம் முழுக்க ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. குழந்தைகள்கூட அவள் ஊசி போட்டால் அழுவதில்லை என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மண்பாதைப் பந்தயத்தில் மட்டும் அவள் வேறு ஆள்.

"செல்ஃப் ஸ்டார்ட் வச்சது ஒண்ணு வாங்கிடலாமே" என்றான் கணவன், அவள் வீடு திரும்பியதும் சோபாவில் சாய்ந்தபடி. இடி விழுந்தாலும் நிதானமாகத் திரும்பிப் பார்க்கிற ஆள் அவன்.

"வண்டி நல்ல வண்டிதான். என்னமோ கோளாறு."

"அப்போ என் தங்கச்சிகிட்ட காட்டேன். சும்மாதானே இருக்கா?"

அந்தச் 'சும்மா'தான் அவளுக்கு உறுத்தியது. வீட்டில் எல்லோரும் 'ஸ்பிரிங்' என்று கூப்பிடும் நாத்தனார் மூன்றாவது பைக் ஒர்க் ஷாப் வேலையையும் விட்டுவிட்டு ஒரு பையோடு வந்து இறங்கியிருந்தாள். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது திருகும். சமையலறைக் குழாய், கதவுக் கீல், மிக்ஸி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிப் போட்டிருந்தாள். அவளிடம் போய் உதவி கேட்பதா?

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஷெட்டில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்பிரிங்கே வந்து குந்தினாள்.

"அண்ணி, காலையில ஆறிக் கிடக்கும்போது கிளம்புதா?"

"ரெண்டு மூணு உதையில கிளம்பிடும். சூடானப்புறம் நின்னாதான் தகராறு."

"வால்வு இறுகியிருக்கும். முழுசா மூடாது. நீங்க உதைக்கிற உதையெல்லாம் அந்தச் சந்து வழியா காத்தா போயிடும். பிரிச்சு அளந்து பார்த்துடலாம். ஆனா எஞ்சின் நல்லா ஆறணும்."

இருவரும் காத்திருந்தார்கள். காத்திருந்தார்கள் என்று சொல்வது பெரிய வார்த்தை. ஒருத்தி தொட்டுப் பார்த்தால் அடுத்தவள் ஊதிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் "போதும்பா, இது ஆறினதுதான்" என்றாள் அவள். ஸ்பிரிங்குக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. பிரித்து, மெல்லிய தகட்டைச் செருகி இடைவெளியை அளந்து, வால்வின் தலைமேல் உட்காரும் வட்டச் சில்லை மாற்றி, மூடினார்கள். கார்புரேட்டரில் அடைத்திருந்த, பெட்ரோல் பாயும் சின்ன ஜெட்டையும் ஸ்பிரிங் ஊதிச் சுத்தம் செய்தாள். முதல் உதையிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் குதூகலமாகத் தெருவைச் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினாள். திரும்ப உதைத்தாள். பழைய குருடி கதவைத் திறடி என்று அதே முரண்டு.

"சூட்டுல அளந்துட்டோம்" என்றாள் ஸ்பிரிங். "உலோகம் விரிஞ்சு இடைவெளி தப்பா காட்டிடுச்சு. என் தப்பு."

"நான்தானே அவசரப்படுத்தினேன்."

"நாளைக்குக் காலையில பார்ப்போம். அதுவரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது."

ஆனாலும் இருவராலும் ஷெட்டைவிட்டு எழுந்து போக முடியவில்லை. ஸ்பிரிங் ஒரு நட்டைத் திருகிக்கொண்டே இருந்தாள். சட்டென்று சொன்னாள்: "இவ இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பான்னு அண்ணன்கிட்ட கேட்டீங்கல்ல. காதுல விழுந்துச்சு."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. "கேட்டேன்" என்றாள். "மிக்ஸியைப் பிரிச்சுப் போட்ட அன்னிக்கு."

ஸ்பிரிங் சிரித்துவிட்டாள். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. "மூணு இடத்துலயும் என்னை பார்ட்ஸ் கழுவத்தான் விட்டாங்க அண்ணி. எஞ்சின் பக்கம் போனா, தள்ளு தள்ளுங்கிறாங்க. எத்தனை நாள்தான் மண்ணெண்ணெயில கையை ஊறப் போடறது?"

"இதை ஏன் வந்த அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேட்கல."

அவள் கீழே கிடந்த ஸ்பானர்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள். "இருக்கத் தோணுற வரைக்கும் இரு" என்றாள். "மிக்ஸியை மட்டும் பூட்டிக் கொடுத்துடு."

மறுநாள் எஞ்சின் ஜில்லென்றிருந்தது. அளந்தால் இடைவெளியே இல்லை. இன்னும் மெல்லிய சில்லைப் போட்டார்கள். சூடேற்றி நிறுத்தியபின் ஸ்பிரிங் உதைத்தாள், கிளம்பியது. மறுபடி நிறுத்திவிட்டு அவள் உதைத்தாள், கிளம்பவில்லை.

"ஐயோ அண்ணி, மிதிச்சுக் கொல்றீங்க! ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீங்க, பெட்ரோல் குடிச்சு மூச்சு முட்டுது. கிக்கரை மெதுவா அழுத்துங்க. ஒரு இடத்துல கல்லு மாதிரி நிக்கும். அதை ஒரு முடியளவு தாண்டி நிறுத்துங்க. கிக்கரை மேல வர விடுங்க. இப்போ முழுசா, ஒரே மிதி."

"அவ்வளவு நேரம் யாரு பார்த்துக்கிட்டு நிப்பா?"

"நரம்பு கிடைக்காம ஊசி குத்துவீங்களா?"

அவள் முறைத்தாள். பிறகு மெதுவாக அழுத்தினாள்.

அடுத்த பந்தயத்தில் சேற்றுத் திருப்பத்தில் விழுந்தாள். எஞ்சின் நின்றது. இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். கால் உதைக்கப் பரபரத்தது, கையோ ஆக்ஸிலரேட்டரை முறுக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிக்கரை அழுத்தினாள். கல். ஒரு முடி தாண்டி. மேலே விட்டாள். மிதித்தாள். ஒரு செருமல் மட்டும். மூன்றாமவனும் தாண்டிப் போனான். திட்டிக்கொண்டே மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை எஞ்சின் உறுமியது.

பரிசு எதுவும் இல்லை. ஆனால் எல்லைக் கோட்டைத் தாண்டினாள். உடம்பெல்லாம் சேறும் வாயெல்லாம் பல்லுமாக ஸ்பிரிங்கைத் தேடினாள். வேலி ஓரம் கணவன் மட்டும் நின்று கை தட்டிக்கொண்டிருந்தான். "அவ அங்க" என்று கை காட்டினான்.

முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய பைக்குக்கு அடியில் ஸ்பிரிங் படுத்திருந்தாள். வண்டிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஏய், நான் முடிச்சிட்டேன்டி! பார்த்தியா?"

"பார்க்கல அண்ணி" என்றது அடியிலிருந்து குரல். "நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க. ஆடாம."