பாதி டம்ளர்

"ஏம்மா, உனக்குப் போடும்போது எனக்கும் பாதி டம்ளர் டீ."

வெள்ளைக் கோட்டின் கையை மிஷின் ஊசிக்கடியில் திருப்பிக்கொண்டிருந்தவளுக்கு மூக்கு நுனிவரை கோபம் வந்தது. உனக்குப் போடும்போதாம்! அவள் காலையில் ஒரு டம்ளர் குடிப்பதோடு சரி. கணவர் பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வாரம்தான். அதற்குள் அடுப்புக்கும் மிஷினுக்கும் நடந்தே கால் தேய்ந்துவிட்டது. முழு டம்ளராகக் கேட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை. பாதி பாதியாக நாளைக்கு எட்டு முறை. 'ஆண்டவனே, எனக்குக் கொஞ்சம் பொறுமையைக் கொடு, இல்லையென்றால் அவருக்குக் கொஞ்சம் வேலையைக் கொடு' என்று முணுமுணுத்தபடி எழுந்து, ஒரு பிளாஸ்க் நிறைய டீ போட்டு ஜன்னலோரம் அவர் முன்னால் வைத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் இதுதான். அஞ்சு மணிக்கு இந்தக் கோட்டை வாங்க நர்ஸ் பொண்ணு வந்துரும். நாளைக்குத்தான் அதுக்கு வேலையில முதல் நாள், கோட்டு இல்லாம உள்ளேயே விடமாட்டாங்களாம். இனிமே கூப்பிட்டீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

அவர் பரமசாதுவாகத் தலையாட்டினார். அப்புறம் கூப்பிடவும் இல்லை.

நாலரை மணிக்குக் கோட்டை உதறிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. இடக்கை வலப்பக்கமும் வலக்கை இடப்பக்கமும் ஏறியிருந்தன. எல்லாம் அந்த டீயால் வந்த வினை. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கோட்டோடு முன்னறைக்குப் போனாள். ஜன்னல் விளிம்பில் வரிசையாக நான்கு டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் பாதி டீ ஆடை படர்ந்து கிடந்தது.

"பாதி போதும்னுதானே என் உயிரை எடுத்தீங்க? இப்ப யாருக்கு இதெல்லாம் மிச்சம் வச்சிருக்கீங்க?"

"கண்டக்டருக்கு" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "டிப்போல ஒரு டீயைத்தான் ரெண்டு பேரும் பிரிச்சுப்போம். முப்பது வருஷம். அவனும் இப்ப மகன் வீட்டுக்கே போயிட்டான். கை அது பாட்டுக்கு முழுசா ஊத்திருது, வாய் பாதியில நின்னுருது. நான் என்ன பண்ண?"

எரிச்சல் இன்னும் போகவில்லை. கோட்டை அவர் மடியில் எறிந்தாள்.

"கோட்டோட ரெண்டு கைத் தையலையும் பிரிங்க. துணி கிழிஞ்சுது, தெரியும் சேதி."

பிறகு ஒரு டம்ளரை எடுத்து, ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தாள்.

"ஆறிப்போச்சேம்மா..."

"தையலைப் பாருங்க."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "வாம்மா, உட்காரு. பத்தே நிமிஷம்" என்று கூசாமல் பொய் சொன்னாள். வாசலில் நின்ற நர்ஸ் பெண், பெரிய மீசைக்காரர் ஒருவர் தன் கோட்டின் சின்னக் கைக்குள் முழங்கைவரை மாட்டிக்கொண்டு, பல்லால் நூலைக் கடித்து இழுப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.