சந்தனப் பொட்டு வைத்த குறுவாள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பிடித்து உலுக்கக் கூடாது. லண்டன் ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு மண்டபத்தில், பிள்ளைகள் வெளியே வரும்வரை பெற்றோர் நாங்கள் பிளாஸ்டிக் கதிரைகளில் குந்தியிருப்போம். அங்கேதான் யசோதினி இதை எனக்குச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, காகிதக் கோப்பையை நசுக்கியபடி ஒரு வேலையும் வைத்தார்.

"நீங்கள் கதை எழுதிறனீங்கள்தானே. இதை எழுதுங்கோ. நீங்கள் என்ன முடிவு வைக்கிறீங்களோ, அதையே நான் செய்யிறன். என்னால யோசிக்க ஏலாமக் கிடக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சரஸ்வதி பூசைக்கு அப்போது மூன்று கிழமை இருந்தது. இந்த வரியை எழுதும்போது நான்கு நாள் இருக்கிறது.

2

குலசேகரம் ஓய்வுபெற்ற கணக்காளர். அவருடைய மீசையைப் போலவே அவருடைய வாள்களும் எந்நேரமும் எண்ணெய்

[இதை அடித்துவிட்டேன். ஆனால் அழிக்காமல் விடுகிறேன். நான் எவ்வளவு பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி லண்டனில் ஜப்பானியக் குறுவாள் சேர்க்கிறாள் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன். மீசை வைத்தால் எல்லாவற்றையும் நம்புவார்கள் என்று ஒரு எண்ணம்.]

2 (மறுபடியும்)

யசோதினிக்கு ஐம்பத்தொரு வயது. (மண்டபத்தில் அவர், கதைக்குள் வந்துவிட்டால் அவள். மன்னிக்க வேண்டும்.) ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பொதி கட்டும் பிரிவில் வேலை. இருபது வருடமாகத் துருப்பிடிக்காத உருக்கோடுதான் அவள் பொழுது. அதனால்தான் துருப்பிடிக்கக்கூடிய உருக்கின்மேல் அவளுக்கு ஆசை வந்தது என்று எழுதினேன். அவளைக் கேட்டபோது சொன்னது வேறு: "வடிவா இருந்தது, வாங்கினன்."

முதலாவதை ஒரு ஞாயிற்றுச் சந்தையில், பழைய சாவிகளுக்கும் கரண்டிகளுக்கும் நடுவே கண்டெடுத்தாள். இப்போது மூன்று இருக்கின்றன. வீட்டின் சின்ன அறையில், இழுப்பறைக்குள், துணிப் பைகளில் படுத்திருக்கின்றன. மூத்தது முந்நூறு வருடத்துக்கு முந்தியது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். அதைச் செய்த கொல்லன் வெட்டும் ஓரத்தில் மெல்லிசாகவும் முதுகில் தடிப்பாகவும் களிமண் பூசி, நெருப்பில் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்தியிருக்கிறான். மண் மெல்லிசாக இருந்த இடம் சட்டென்று குளிர்ந்து இறுகியது. தடித்த இடம் ஆறுதலாகக் குளிர்ந்து, உடையாமல் வளைந்து கொடுக்கப் பழகியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், அரிசி கழுவிய தண்ணீரின் வெண்மையில், ஒரு கோடு அலையலையாக ஓடுகிறது. உண்மையைச் சொன்னால் அவள் சேர்ப்பது வாளை இல்லை, அந்தக் கோட்டைத்தான்.

அதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. வெறும் விரல் அலகில் படக்கூடாது. அலகு வெளியே இருக்கும்போது பேசக்கூடாது. ஒரு துளி எச்சில் தெறித்தால் காணும், துருப்பிடித்துவிடும். மாதம் ஒருமுறை மெல்லிய தாளால் பழைய எண்ணெயைத் துடைத்து, கராம்பு மணக்கும் எண்ணெயைப் புதிதாகத் தடவுவாள். அந்த நேரம் மகள் ஹம்சினி, "அம்மா மௌன விரதம்" என்று தோழிகளுக்குப் போனில் சொல்வாள்.

3

கணவன் சிவானந்தன் வேன் வைத்து மின்சார வேலை செய்பவன். ஒன்பது வருடம் அந்தச் சின்ன அறைக்குள் அவன் கால் வைக்கவில்லை. ஊரில் ராணுவம் வீடு வீடாகச் சோதனை போட்ட நாட்களில், குசினியில் கிடந்த ஒரு தேங்காய்க் கத்திக்காக அவனுடைய அண்ணனைக் கொண்டுபோனார்கள். பதினொரு மாதம் கழித்து விட்டார்கள். அதன் பிறகு அண்ணன் யாரோடும் நிமிர்ந்து கதைத்ததில்லை.

"எங்கட வீட்டுக்குள்ள ஆயுதம் ஒண்டும் வேண்டாம் யசோ," என்றான், முதல் வாள் வந்த அன்று.

"இது ஆயுதமில்லையப்பா. வேலைப்பாடு."

அவன் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

[இங்கே போர்க்காலத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். சிவானந்தன் என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, எல்லாம் யசோதினி வழியாகக் கேட்டது. கிழித்துவிட்டேன்.]

5

(நான்காம் பகுதியில் ஜப்பானைப் பற்றி என் அறிவைக் காட்டியிருந்தேன். நீங்கள் ஒன்றையும் இழக்கவில்லை.)

போன வருடம் சரஸ்வதி பூசை. யசோதினி ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுகிறாள். முன்னறையில் கும்பம், அவல், கடலை. ஹம்சினியின் புத்தகங்கள், லாப்டொப், சிவானந்தனின் துளைக்கும் மிஷின், திருகாணிச் சாவிகள், வேன் சாவி, எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். நடுவில், பட்டுத் துணியின்மேல், உறையிலிருந்து உருவிய மூத்த வாள். அலகின் நடுப்பகுதியில், அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே, பன்னீரில் குழைத்த ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

சிவானந்தன் வேட்டியோடு பக்கத்தில் நின்றான். மோதிர விரல் நுனி இன்னும் மஞ்சளாக இருந்தது.

"உம்மட சாமானையும் வைச்சனான். நானேதான் போய் எடுத்தனான். எடுக்கேக்க கை நடுங்கினது. இப்ப இல்லை, பாரும்." கையை நீட்டிக் காட்டினான்.

ஒன்பது வருடமாக யசோதினி கேட்காமல் ஏங்கிய ஒன்று கண்முன்னே நின்றது. அதே நேரத்தில் அவளுடைய கண் அலகின்மேல் போனது. ஈரம், விரலின் உப்பு. துருப்பிடிக்க ஒரு மணித்தியாலமே போதும்.

"ஒருக்காத் துடைச்சுப்போட்டு..."

"விசர்க்கதை கதையாதேயும். பூசையில வைச்சதை விடியும்வரைக்கும் தொடக்கூடாது. நாளைக்கு விஜயதசமிக்கு எடுக்கலாம்."

"ஓம்," என்றாள் அவள்.

அவன் குளிக்கப் போனபோது துடைத்திருக்கலாம். ஒரு பொய் சொல்லித் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை. அவனுடைய முகத்தில் இருந்த சந்தோஷம் அவளுக்கு அன்றைக்கு வாளைவிடப் பெரிதாக இருந்தது. காலையில் அவள் தனியாகச் சந்தனத்தை எடுத்தபோது கீழே செம்பழுப்பாக ஒரு விரல் அடையாளம் இருந்தது. [விரல் ரேகைகூடத் தெரிந்தது என்று முதலில் எழுதினேன். பொய். அடித்துவிட்டேன்.]

(கொல்லன் மண் பூசினான், கணவன் சந்தனம் பூசினான் என்று ஒரு ஒப்புமை இந்த இடத்தில் எழுது எழுது என்று என்னை நச்சரிக்கிறது. எழுதினால் எனக்குப் பெயர் வரும். துருவுக்கு ஒன்றும் ஆகாது.)

6

துரு நிற்கவில்லை. ஞாயிறு தோறும் அவள் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் துருவின் ஓரத்தை வரைந்து கொள்கிறாள். நாற்பத்தொன்பது தாள்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மயிரிழை பெரிது. எண்ணெய் அதைத் தாமதப்படுத்துகிறது, தடுக்கவில்லை. வாள் தீட்டுபவர் ஒருவர் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். தீட்டினால் துரு போகும். ஆனால் இது ஏற்கனவே பலமுறை தீட்டித் தேய்ந்த அலகு. அந்த இடத்தில் கோடும் சேர்ந்தே போகலாம். விட்டால் துருவே கோட்டைத் தின்னும். பூசைக்கு மறுநாள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

சிவானந்தனுக்கு எதுவும் தெரியாது. அவன் இப்போது கதவைத் தட்டாமலே சின்ன அறைக்குள் வருகிறான். தேத்தண்ணியோடு இருக்கிறான். அந்தக் கோடு நன்றாகத் தெரியட்டும் என்று இழுப்பறைக்கு மேலே தன் கையால் ஒரு விளக்குப் பூட்டியிருக்கிறான்.

"மூத்ததை எடுத்துக் காட்டுமன்," என்று கேட்கிறான்.

"பிறகு காட்டுறன்," என்கிறாள். ஒரு வருடமாக இதே பதில்.

7

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். சிவானந்தன் "அப்பிடியோ" என்று மட்டும் சொல்லி, தான் பூட்டிய விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி... இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: களவாகத் தீட்டக் கொடுக்கிறாள். துருவும் போகிறது, கோடும் போகிறது. அவன் பயத்தை விட்டுத் தொட்ட ஒரே அடையாளமும் போகிறது. ஆஸ்பத்திரிக் கருவி போல ஒரு வெறும் உருக்கு வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

முடிவு மூன்று: சொல்கிறாள், அவன் சிரிக்கிறான், இருவரும் சேர்ந்து எண்ணெய் தடவுகிறார்கள். வாசித்துப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. இவ்வளவு இலகுவான காரியமென்றால் அந்த மனுசி ஏன் என்னிடம் வருகிறார்?

8

இன்று சரஸ்வதி பூசை. பின்னேரம் ஆறரை. நான்காவது முடிவின் முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"முடிவு எழுதியாச்சோ?" யசோதினி இரகசியக் குரலில் கேட்டார்.

"இன்னும் இல்லை. ஒரு நாள் தாங்கோ..."

"நாளோ? நான் சின்ன அறைக்குள்ள நிக்கிறன். வாள் கையில."

போனுக்குள், படிக்குக் கீழேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. இவ்வளவு நாளும் எழுதிய மனிதனின் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். நான் நினைத்ததைவிட இளமையாக, கொண்டாட்டமாக இருந்தது.

"யசோ! சந்தனம் குழைச்சாச்சு. போன வருசம் வைச்ச அதே இடத்திலதான் வைக்கப்போறன். கொண்டு வாரும்!"

"கேட்டதோ?" என்றார் யசோதினி.

"கேட்டது."

"உறையோட குடுக்கவோ? உருவிக் காட்டவோ? கெதியாச் சொல்லுங்கோ, ஆள் மேல வருது."

மரப்படியில் காலடி ஒவ்வொன்றாக ஏறுகிறது. ஒன்பது வருடம் அந்த அறைக்கு வராமலிருந்த கால்கள். மூன்று முடிவுகளும் மேசையில் கிடக்கின்றன. மூன்றில் ஒன்றைக்கூட ஒரு உயிருள்ள பெண்ணின் காதில் சொல்ல என்னால் முடியவில்லை. இப்போது நடுங்குவது என்னுடைய கை.

இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள். இந்தப் போனைக் கொஞ்சம் பிடியுங்கள். அவர் லைனில்தான் நிற்கிறார்.