பேச்சாளர் நலமாக உள்ளார்

பல்கலைக்கழகத்தின் மணமேல்குடி மையத்தில் மாதம் ஒரு பொதுச் சொற்பொழிவு நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் உதவிப் பேராசிரியர் மோகனப்ரியா. யோசனை சொன்னவரே நடத்தவும் வேண்டும் என்பது பல்கலைக்கழக வழக்கம்.

முதல் உரைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவரின் ஆட்கள். இரண்டாவது உரையின் நடுவில் டீ வந்தது. எல்லோரும் குடித்தார்கள், எல்லோரும் போனார்கள். மூன்றாவது உரைக்கு டீ கடைசியில்தான் என்று முன்கூட்டியே அறிவித்தார். எல்லோரும் கடைசியில் வந்தார்கள்.

தலைமையிடத்திலிருந்து பதிவாளர் ஆத்மநாதன் போன் செய்தார்.

"அடுத்த உரைக்கு நானே வாரேன்மா. ஹால் நெறஞ்சிருந்தா தொடருவோம். இல்லேன்னா இதோட நிப்பாட்டிட்டு நீங்க தேர்வுப் பிரிவைப் பாத்துக்கங்க."

தேர்வுப் பிரிவு என்றால் விடைத்தாள் கட்டுகளுக்கு அரக்கு வைக்கும் வேலை. 

நான்காவது பேச்சாளர் பேராசிரியர் வயிரவன். திருமயம் பக்கத்துக்காரர். கடல் பசுவை ஆராய்ந்தே காலத்தைக் கழித்துவிட்டு இப்போது பெங்களூரில் ஓய்வாக இருப்பவர். சிரிக்காத படம் ஒன்றை அனுப்பி, தாம் பணியாற்றிய ஆண்டுகளை அவசியம் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

போஸ்டர் அடிக்க மோகனப்ரியா அச்சகம் ராக்கனிடம் போனார்.

"சிங்கம், புலி, பூ, தலைவர் படம் எதுவும் வேண்டாம். கலரும் வேண்டாம். நடுவுல ஐயா படம், கீழ பேரு, வருஷம், நேரம், எடம். அவ்வளவுதான். கண்ணியமா இருக்கணும்."

"அதெல்லாம் கண்ணியமா இருக்கும் மேடம். நாங்க அடிக்கடி போடுறதுதான்" என்றார் ராக்கன்.

போஸ்டர் ஒட்டும் அடைக்கலம் அவற்றை வழக்கமான இடங்களில் ஒட்டினார். பஸ் ஸ்டாண்டு, மீன் ஏலக்கூடம், ரேஷன் கடைச் சுவர், கோட்டைப்பட்டினம் போகும் வழியில் இருந்த டீக்கடைகள். கறுப்பு வெள்ளையில் ஒரு முகம். கீழே 'பேராசிரியர் வயிரவன் அவர்கள், 1984 – 2021'. அதற்கும் கீழே 'மாலை 4 மணி, பல்கலைக்கழக மைய வளாகம்'. இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு போஸ்டருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அது மோகனப்ரியாவுக்கு மட்டும் தோன்றவில்லை.

"முப்பத்தேழு வயசுதான் ஆகுது. ஆளப் பாத்தா எழுவது மாதிரி இருக்கு" என்றார் நாட்டுப்படகு முனியசாமி.

"படிப்பு அப்படி" என்றார் டீக்கடைக்காரர்.

"ரெண்டாயிரத்து இருவத்தொண்ணுல போயிருக்காரு. இப்பப் போய் ஒட்டுறாங்க?"

"யுனிவர்சிட்டில எல்லாம் லேட்டாத்தான் நடக்கும்."

நாலு மணிக்கு முன்பே ஹால் நிறைந்துவிட்டது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். முனியசாமி கையில் ரோஜா மாலை இருந்தது. மோகனப்ரியாவுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்த முனியசாமியின் மனைவி அழகி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசத் தேத்திக்க ஆத்தா."

"தேத்திக்கிட்டுத்தான் இருக்கேங்க" என்றார் மோகனப்ரியா, தேர்வுப் பிரிவை நினைத்துக்கொண்டு.

"வெளியூர்லருந்து ஆள் வரணுமோ?"

"ஆமாங்க. பதிவாளர் வந்துட்டா ஆரம்பிச்சிரலாம்."

பதிவாளர் வந்தார். கூட்டத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றார். பிறகு தம் ஷூவையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பேராசிரியர் வயிரவன் மேடை ஏறியதும் ஹாலில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

"அண்ணன்போல. அதே ஜாடை" என்று அழகி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். நிமிடத்தில் அது கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

முனியசாமி எழுந்து போய், மேடை மேசையின் முன்பக்கம் ஒட்டியிருந்த போஸ்டருக்கு மாலையைச் சாத்திக் கும்பிட்டார். பின்னாலேயே இன்னும் பலர் மாலைகளோடு வந்தார்கள். வயிரவன் நெகிழ்ந்துபோனார். 'நேரே கழுத்தில் போடக் கூச்சப்படுகிறார்கள். என்ன அடக்கமான ஜனங்கள்!'

அவர் பேசத் தொடங்கினார்.

"யாருக்கும் ஒரு தீங்கு நெனச்சதில்லை. நம்ம கூடவேதான் இருந்துச்சு. புல்லைத் தின்னுட்டுத் தன் பாட்டுக்குக் கெடந்துச்சு."

"கவுச்சியே தொட மாட்டாராம்" என்றது பெண்கள் பக்கம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நடுவில் டீ வந்தது. ஒருவரும் தொடவில்லை. துக்கம் கேட்க வந்த இடத்தில் யார் டீ குடிப்பார்கள்? பதிவாளர் மோகனப்ரியாவின் காதருகே குனிந்தார்.

"டீயக்கூடத் தொடாம கேக்குறாங்களேம்மா! தலைமையிடத்துல முந்திரித் தட்டு வந்தாலே நாங்கல்லாம் பேச்ச விட்டுட்டு எழுந்திருவோம்."

உரை முடிந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் மோகனப்ரியா. மூன்று உரைகளிலும் கேள்வியே வந்ததில்லை. இன்று முனியசாமி எழுந்தார்.

"ஐயா, எங்க ஊர்ல ஆவுளியான்னு சொல்லுவோமே, அந்தக் கடல் பசுவப் பத்தி நல்லாச் சொன்னீங்க. தம்பிக்கு அதும்மேல அவ்வளவு பிரியம்போல. அவருக்கு என்ன செஞ்சுச்சு?"

"எந்தத் தம்பி?"

முனியசாமி மாலைக்குள் இருந்த முகத்தைக் காட்டினார். வயிரவன் மேடையிலிருந்து இறங்கிவந்து, குனிந்து, மாலைகளை விலக்கிப் பார்த்தார்.

"இது நான்தானே!"

மோகனப்ரியா போஸ்டரைப் பார்த்தார், ஆண்டுகளைப் பார்த்தார், முந்தானைகளைப் பார்த்தார். எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்து, அரக்கு வாசனை மூக்கில் அடித்தது.

அழகிதான் முதலில் எழுந்தார்.

"அப்ப நாங்க வீட்டுக்குப் போய்க் குளிக்கணுமா, வேணாமாங்க?"

வயிரவன் சிரிக்க ஆரம்பித்தார். ஹாலே சிரித்தது. "வேணாம்மா, டீயக் குடிங்க" என்றார். ஆறிப்போன டீயைக் குடித்தார்கள். ஆனால் யாரும் எழவில்லை. இவ்வளவு நேரம் துக்கத்தில் இருந்ததால் சரியாகக் கேட்கவில்லையாம். ஆவுளியா ஒரு நாளைக்கு எவ்வளவு புல் தின்னும், எத்தனை குட்டி போடும் என்று வயிரவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

மோகனப்ரியா மெதுவாகப் பதிவாளர் பக்கம் போனார். "சார், இவங்க வந்தது உண்மையில..."

"எதுக்கு வந்தா என்னம்மா? டீக்கு அப்புறமும் உக்காந்திருக்காங்க. அடுத்த மாசம் யாரு?"

"பிரகதீஸ்வரி மேடம். நண்டு பத்தி."

"போஸ்டர் இதே மாதிரி இருக்கட்டும்."

விஷயம் பிரகதீஸ்வரிக்கு எட்டிவிட்டது. பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்றை அனுப்பினார், கலரில் போடச் சொல்லி. பதிவாளர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் போனில் பேசிய பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டது. படம் கறுப்பு வெள்ளை. அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'பேச்சாளர் நலமாக உள்ளார்.'

அன்றும் ஹால் நிறைந்தது. பாதிப்பேர், அது உண்மைதானா என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். நண்டு என்றதும் அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.