உட்கார்ந்தே வந்த நிழல்

ராஜஸ்தானில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த குமரகுருவின் நிழல், தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மல்லசமுத்திரத்தில் அவன் தங்கை ஜெயப்பிரியா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளின் நிழல் மட்டும் மேற்கே சாய்ந்து கிடந்தது. காலை பத்தேகால் மணிக்கு விழுகிற நிழல் அது. உச்சி வெயிலிலும் குறுகவில்லை, பொழுது சாய்ந்தும் நீளவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஜெயப்பிரியா அதை ஒதுக்கிவிட்டு மிளகாய் காயப்போட்டாள்.

இந்த நிழலைச் செய்தது திருச்செங்கோட்டு ஸ்டுடியோவில் படங்களை ஒட்டிச் சேர்க்கும் வெண்ணிலா. பாதி ஆண்கள் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விடுகிற ஊரில் அவள் கைபடாமல் எந்தக் குடும்பப் படமும் நிறைவதில்லை. ஆளை ஒட்டிவைக்க யாராலும் முடியும், தரையில் நிற்கவைப்பது நிழல்தான் என்பது அவள் கட்சி. காலடியில் மையாகக் கறுத்து, தள்ளிப் போகப் போக வெளுத்து, சுவரில் ஏறினால் மடங்கவும் வேண்டும். ஒன்பது வருடத்தில் அவள் போட்ட நிழலைப் பார்த்து ஒருவரும் ஆள் மிதக்கிறான் என்று சொன்னதில்லை.

ஜெயப்பிரியாவின் மகள் பிரீத்தியின் காதுகுத்துக்கு வருகிறேன் என்றிருந்த குமரகுரு, குழியில் பைப் சிக்கியதால் வரவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவேண்டிய பிள்ளை ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார்ந்தது. மாமியார் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்ட, ஜெயப்பிரியா அண்ணனோடு பேச்சை நிறுத்தினாள். ஆனாலும் ஸ்டுடியோவுக்கு வந்து நின்றாள். "அவனோட பேசறதில்லீங்க. ஆனா படத்துல அவன்தான் உக்காந்திருக்கோணும்" என்றபோது கண் கலங்கிவிட்டது. வாசலில் பத்தேகால் மணிக்குப் பிடித்த காதுகுத்துப் படத்திலிருந்து வெண்ணிலா ஒன்றுவிட்ட மாமனை எடுத்துவிட்டு, ரிக் வண்டிப் படியில் உட்கார்ந்து குமரகுரு எடுத்துக்கொண்ட படத்தை நாற்காலியில் பொருத்தி, ஒரு பகல் முழுக்க நிழல் போட்டாள்.

அங்கே குமரகுருவுக்கு நிழல் போய்விட்டது. நிழலில்லாதவன் தோண்டினால் தண்ணீர் வராது என்று விவசாயிகள் ரிக்கைத் திருப்பி அனுப்பினார்கள். நான்கு ஊர் அப்படிப் போனதும் மேனேஜர், நிழலோடு வந்தால்தான் வேலை என்றுவிட்டார். எட்டு மாதம் கழித்து, நிழல் கிடக்கும் இடத்தை ஊர்க்காரர் சொல்லக் கேட்டுக் குமரகுரு தங்கைக்குப் போன் போட்டான்.

"சாமி, என் நெழலக் குடுத்துரு."

"ஊட்டு வாசல்லதான் கெடக்குது. வந்து எடுத்துக்க."

குமரகுரு ஊர் வந்து சேர்ந்ததும் வெண்ணிலாவையும் வரச்சொன்னார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவள் முதலில் குனிந்து நிழலின் ஓரத்தைப் பார்த்துத் திருப்தியானாள். பிறகு, படத்தில் இதை அழித்தால் எங்கேயும் இருக்காது, உட்கார இடம் அப்படியே இருக்கிறது, உட்காரச் சொல்லுங்கள் என்றாள். அதே நாற்காலியைப் போட்டார்கள். குமரகுரு உட்கார்ந்தான். பாதமும் நிழலும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. ஜெயப்பிரியா பிரீத்தியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். பிள்ளை முகம் தெரியாத மாமனைப் பார்த்து வீறிட்டு அழுதது. அவனும் அழுதான். மாமியார் உள்ளே போய் எல்லாருக்கும் டீ போட்டாள்.

எழுந்து நடந்தபோது நிழலும் கூடவே வந்தது, ஆனால் உட்கார்ந்தபடியே. வெண்ணிலாவுக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாள் கொடுத்தால் நிற்கவைத்துத் தருகிறேன் என்றாள்.

"இருக்கட்டுங்க அம்மிணி" என்றான் குமரகுரு. "எந்தங்கச்சி புள்ள காது குத்துக்கு நான் உக்காந்தேன்னு சொல்ல இது ஒண்ணுதானுங்க இருக்குது."

மறுவாரம் அவன் ராஜஸ்தானுக்குத் திரும்பினான். நிற்கிற ஆளுக்கு உட்கார்ந்த நிழலைப் பார்த்த விவசாயி, நிழல் இருக்கிறதல்லவா, போதும் என்று சொல்லி இடத்தைக் காட்டினார். அறுநூற்று நாற்பது அடியில் தண்ணீர் வந்தது.